ஃபார்மட் போட்டாலும் போகாத கோளாறு

சென்னையில் பொட்டி தட்டுகிறவன் ஊருக்குப் போனால் அவனுக்கு லீவே கிடையாதுங்க. தவளக்குப்பத்தில் மட்டும்தான் இப்படின்னு நினைக்க வேண்டாம், உங்க ஊரிலும் இதே கதைதான் இருக்கும். சனிக்கிழமை காலையில் கடலூர் பஸ்ஸிலிருந்து சந்திப்பில் இறங்கி, ஒரு டீ சொல்லிட்டு நிக்கிறதுக்குள்ள யாராவது பார்த்துடுவாங்க. "வந்துட்டியா தம்பி? சாயந்திரம் வீட்டுப்பக்கம் வந்துட்டுப் போ, பிரிண்டர் மக்கர் பண்ணுது." நாம ஆபீஸில் என்ன ஆணி புடுங்கறோம்னு யாருக்கும் கவலையில்லை. கம்ப்யூட்டர் படிச்சவன்னா ரிப்பேர் பார்க்கணும். அவ்வளவுதான்.

போன மாசம் பெரியப்பா கூப்பிட்டார். மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். யாரிடமும் எதற்கும் போய் நிற்காத ஆள். அதனால் கூப்பிட்டதும் ஓடினேன்.

"இன்னா தம்பி, போன்ல வைரஸ் பூந்துடுச்சு. ஃபார்மட் போட்டுக் குடு."

"வைரஸ்னு யாரு சொன்னது பெரியப்பா?"

"யாரும் சொல்லல. ஒருத்தன் போன் பண்ணான். என் பேரு சொல்றான், எங்கப்பா பேரு சொல்றான், பொறந்த வருஷம் சொல்றான். பேங்க்லேருந்து பேசறேன், கார்டு காலாவதி ஆயிடுச்சு, இப்ப ஒரு நம்பர் வரும் அதைச் சொல்லுங்கன்னான். நான் சொல்லல, வெச்சுட்டேன். ஆனா அவனுக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்? இந்தப் போன்லேருந்துதான எடுத்திருப்பான்?"

ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். தெரியாத செயலி ஏதும் இருக்கா, எஸ்.எம்.எஸ். படிக்கிற அனுமதி யாருக்குப் போயிருக்கு, அழைப்பு வேறு நம்பருக்குத் திருப்பி விடப்பட்டிருக்கா, திரையைப் பார்க்கிற மாதிரி ஏதாவது பின்னால் ஓடுதா, எல்லாம் பார்த்தாச்சு. சுத்தமா ஒண்ணும் இல்லை. போன் நல்லா இருந்தது.

"போன்ல கோளாறு இல்ல பெரியப்பா."

"அப்ப எங்கேருந்து போச்சு?"

பதில் தெரியலை. 'பக் எங்கே?' என்று கேட்டால் திருதிருன்னு முழிக்கிறது மாதிரி அவமானம் எங்க தொழிலில் வேற இல்லை. ராத்திரி பஸ்ஸில் திரும்பி வரும்போதும் அந்தக் கேள்வியே ஓடிக்கிட்டு இருந்தது. கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால்தான் அதுக்குப் பதில் கிடைக்கும்னு தோணிச்சு. அதனால் ஒரு பெரிய கொசுவத்தியாச் சுத்தறேன், பொறுத்துக்குங்க.

பேரும் முகவரியும் எழுதி வெச்ச வைரஸ்

வீட்டு கம்ப்யூட்டர்களுக்கான வைரஸ் கதையை எல்லாரும் 1986-ல் லாகூரில் இருந்துதான் ஆரம்பிப்பாங்க. பாசித், அம்ஜத் ஃபாரூக் அல்வி என்று இரண்டு சகோதரர்கள். கம்ப்யூட்டர் கடை வெச்சிருந்தாங்க. தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளை ஜனங்க காசு கொடுக்காமல் காப்பி அடிக்கிறாங்கன்னு ஒரு சின்ன நிரலை எழுதி ஃப்ளாப்பியின் பூட் செக்டாரில் உட்கார வெச்சாங்க. அதுதான் 'பிரெய்ன்' வைரஸ். அதில் பெரிய வேடிக்கை, அந்த நிரலுக்குள்ளேயே தங்கள் பெயர், கடை முகவரி, தொலைபேசி எண் எல்லாத்தையும் எழுதி வெச்சிருந்தாங்க! அது கடல் தாண்டிப் போய், அமெரிக்காவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் அவங்க கடைக்கு போன் வந்தது.

யோசிச்சுப் பாருங்க. உலகம் சுத்தின முதல் பி.சி. வைரஸ், தன்னை எழுதினவன் கடை முகவரியைத்தான் ஊருக்குச் சொன்னது. பாதிக்கப்பட்டவன் ரகசியத்தை அது தொடவே இல்லை.

நம்ம நாட்டுக்கும் சொந்தமா ஒண்ணு இருந்தது. 1990-ல் இந்தியாவில் கண்டுபிடிக்கப்பட்ட 'ஜோஷி' வைரஸ். வருஷா வருஷம் ஜனவரி 5-ம் தேதி மெஷின் அப்படியே நின்னுடும். 'ஹேப்பி பர்த்டே ஜோஷி' என்று டைப் அடிச்சாதான் வேலை செய்யும். அந்த ஜோஷிக்கு எத்தனை பேர் வாழ்த்து சொன்னாங்களோ! :-)

நோய் வந்ததும் வைத்தியர்களும் வந்தாங்க. புனேவில் கால்குலேட்டர் ரிப்பேர் கடை வெச்சிருந்த கைலாஷ் கட்கரும், அவர் தம்பி சஞ்சய் கட்கரும் ஆரம்பிச்சதுதான் பின்னாளில் குவிக் ஹீல் ஆனது. சென்னையில் 1991-ல் ஜெ. கேசவர்தனன் கே7 கம்ப்யூட்டிங்கை ஆரம்பிச்சார். அவர் ஆன்டிவைரஸ் ஜப்பான் வரைக்கும் போய் வித்தது. நம்மூர் ஆள் எழுதின மருந்து.

இந்தக் காலத்தில் ஒரு விஷயம் தெளிவா இருந்தது. கோளாறுன்னா அதுக்கு அறிகுறி இருக்கும். மெஷின் நிக்கும், எழுத்து உதிரும், ஃபைல் காணாமப் போகும். அறிகுறி இருந்தால் காரணத்தைத் தேடலாம், காரணம் கிடைச்சா மருந்து கொடுக்கலாம். ரிப்பேர் வேலையின் மொத்த சூத்திரமும் இதுதான். நான் பெரியப்பா போனை வெச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் செஞ்சதும் இதைத்தான்.

சிடி பை காலம்

எங்க வீட்டுக்கு 2009-ல் ஒரு அசெம்பிள் பண்ணின கம்ப்யூட்டர் வந்தது. நான் ஆறாவது. விண்டோஸ் எக்ஸ்பி, பச்சைப் புல்வெளிப் படம். பென் டிரைவ் வழியா வைரஸ் பரவின காலம் அது. ஃபோல்டர் மாதிரியே படம் போட்டுக்கிட்டு 'நியூ ஃபோல்டர்' என்ற பேரில் ஒண்ணு உட்கார்ந்திருக்கும், ஆசையா கிளிக் பண்ணினா போச்சு. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை மெஷின் படுத்துடும். பாண்டியிலிருந்து ஒரு அண்ணன் பைக்கில் வருவார். கையில் ஜிப் வெச்ச கறுப்பு சிடி பை. நாலு கேள்வி கேட்பார், அஞ்சாவதா தீர்ப்பு சொல்வார்: "ஃபார்மட் போட்டுடலாம்."

ஃபார்மட் என்பது காசியில் முங்கி எழுந்த மாதிரி. முன் செய்த பாவமெல்லாம் போச்சு. புதுப் புல்வெளி, புது வாழ்க்கை. பக்கத்தில் நின்னு பார்த்துப் பார்த்து நானே பத்தாவது படிக்கும்போது தெருவுக்கே ஃபார்மட் போட்டுக் கொடுக்கிற பையன் ஆயிட்டேன். பெரியப்பா இன்னைக்கும் எல்லாத்துக்கும் 'ஃபார்மட் போடு' என்று சொல்கிறார்னா, அந்தப் பழக்கம் என்னாலதான் வந்தது.

ஆனா அந்தக் காசி முங்கல் எவ்வளவு தூரம் உண்மைன்னு எங்களுக்கு அப்போ தெரியாது. 2003-ல் சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் என்று எம்.ஐ.டி. மாணவர்கள் இருவர் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டாங்க. பழைய ஹார்ட் டிஸ்க் 158 வாங்கி, உள்ளே என்ன மிச்சம் இருக்குன்னு பார்த்திருந்தாங்க. 5,000-க்கும் மேல் கிரெடிட் கார்டு எண்கள். மருத்துவ விவரங்கள், மின்னஞ்சல்கள் வேறு. சரியாக அழிக்கப்பட்டு இருந்தவை வெறும் 12 டிஸ்க்.

காரணம் ரொம்ப எளிசு. விரைவு ஃபார்மட் போடும்போது ஃபைல் அழியறதில்லை, எந்த ஃபைல் எங்கே இருக்குங்கிற பட்டியல்தான் அழியுது. நூலகத்தில் கேட்டலாக்கைக் கிழிச்சுப் போட்டுட்டு 'நூலகமே காலி' என்று சொல்கிற மாதிரி. புத்தகமெல்லாம் அலமாரியில்தான் இருக்கு, பொறுமையா தேடுறவனுக்குக் கிடைக்கும். பழைய டிஸ்க்கை எக்சேஞ்சில் கொடுத்துட்டு நானூறு ரூபாய் குறைச்சு வாங்கின நாமெல்லாம் எதைக் கொடுத்தோம்னு இப்போ யோசிக்கணும்.

கடையில் வாங்கின பொருளே காட்டிக்கொடுத்தா?

அதுவரைக்கும் திருடன் வெளியிலிருந்துதான் வருவான்னு நம்பியிருந்தோம். அந்த நம்பிக்கை உடைஞ்ச இரண்டு சம்பவத்தைச் சொல்லணும்.

முதலாவது 1999. இன்டெல் தன் பென்டியம் 3 சில்லு ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு தனி வரிசை எண் இருக்கும், மென்பொருள் அதைப் படிக்கலாம்னு அறிவிச்சது. அமெரிக்காவில் கொதிச்சு எழுந்துட்டாங்க. இணையத்தில் யார் எங்கே போனாங்கன்னு இந்த ஒரே எண்ணை வெச்சு கோத்துடலாமே என்று புறக்கணிப்புப் போராட்டமே நடந்தது. இன்டெல் அதுக்கப்புறம் வந்த சில்லுகளில் அந்த வசதியை விட்டுடுச்சு. ஒரு வரிசை எண்ணுக்கு அவ்வளவு கோபம்!

இரண்டாவது 2005. மார்க் ருசினோவிச் என்ற நிரலாளர் தன் சொந்தக் கம்ப்யூட்டரைச் சோதிக்கும்போது, ஒளிஞ்சிருக்கிற ஃபைல்கள் இருப்பதைப் பார்த்தார். தேடிப் போனால், அது அவர் காசு கொடுத்து வாங்கிய சோனி பி.எம்.ஜி. பாட்டு சிடியிலிருந்து வந்தது. காப்பி அடிப்பதைத் தடுக்கிறோம்னு சொல்லி, விண்டோஸுக்கே தெரியாத மாதிரி ஒளிஞ்சுக்கிற நிரலை உள்ளே வெச்சிருந்தாங்க. அக்டோபர் 31-ம் தேதி எழுதினார், நவம்பரில் அந்த சிடிகளையெல்லாம் கம்பெனி திரும்பப் பெற்றது. திருட்டு சிடி வாங்கினவனுக்கு ஆபத்தில்லை, நேர்மையா வாங்கினவன் மாட்டிக்கிட்டான்.

இப்போ வருவோம். 2024 மே மாசம் மைக்ரோசாஃப்ட் 'ரீகால்' என்ற வசதியை அறிவிச்சது. சில விநாடிக்கு ஒரு தடவை உங்க திரையைப் படம் எடுத்து வெச்சுக்கும், பின்னால் தேடிக்கலாம். எதிர்ப்பு வந்து, தள்ளி வெச்சு, நாம விரும்பினால் மட்டுமே ஓடும்படி மாத்தி, 2025-ல்தான் வெளியே விட்டாங்க. இதில் நல்லது கெட்டது ரெண்டும் இருக்கு. நான் சொல்ல வருவது வேறு. இந்த மூணிலும் மெஷின் நல்லா ஓடிக்கிட்டேதான் இருந்தது. ரிப்பேர்காரனைக் கூப்பிட வேண்டிய எந்த அறிகுறியும் பயன்படுத்துகிறவனுக்குத் தெரியாது. ருசினோவிச் மாதிரி யாரோ ஒருத்தர் தோண்டிப் பார்த்ததால் தெரிஞ்சது.

ரிப்பேர் பார்க்கிறவன் கண்ணு

2008-ல் ஹாங்காங்கில் ஒரு சினிமா நடிகரின் அந்தரங்கப் படங்கள் இணையம் முழுக்கப் பரவின. கம்ப்யூட்டரை யாரும் ஹேக் பண்ணலை. ரிப்பேருக்குக் கொடுத்த லேப்டாப்பிலிருந்து கடைக்காரர் ஒருவர் எடுத்துட்டார். அவருக்கு 2009-ல் எட்டரை மாதச் சிறைத் தண்டனை கிடைச்சது. படங்களில் இருந்த பெண்கள் பட்ட பாட்டுக்கு அது எந்த மூலைக்கு?

கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2022-ல் இதையே சோதனையாகச் செய்தாங்க. சின்னக் கோளாறு ஒண்ணை உண்டாக்கி, உள்ளே யார் எதைத் திறக்கிறாங்கன்னு பதிவு செய்யும் ஏற்பாட்டோடு லேப்டாப்புகளைக் கடை கடையாகக் கொடுத்தாங்க. ஆறு இடத்தில் வாடிக்கையாளரின் சொந்த ஃபைல்களைத் திறந்து பார்த்திருந்தாங்க. இரண்டு இடத்தில் காப்பியே எடுத்திருந்தாங்க. பேட்டரி மாத்தறதுக்குக்கூட, தேவையே இல்லாத பாஸ்வேர்டைக் கேட்ட கடைகள்தான் அதிகம்.

படிச்சுட்டு 'ச்சே, என்ன மனுஷங்க' என்று சொல்லத்தான் வந்தது. சொல்ல வாய் வரலை.

2014-ல் நான் பன்னிரண்டாவது. எங்க தெருவில் ஒரு அக்கா. வீட்டுக்காரர் பிரான்சில் வேலையில் இருந்தார், பாண்டிப் பக்கம் இது சகஜம். கம்ப்யூட்டர் மெதுவா ஓடுதுன்னு கூப்பிட்டாங்க. வழக்கம் போல எல்லாத்தையும் என் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி பண்ணி, ஃபார்மட் போட்டு, திரும்ப ஏத்திக் கொடுத்தேன். காபியும் முறுக்கும் கொடுத்தாங்க. வந்துட்டேன்.

2021-ல் ஊரடங்கு நேரத்தில் பழைய டிஸ்க்கை ஒழிக்கும்போது 'அக்கா பேக்கப்' என்று ஒரு ஃபோல்டர். அழிக்க மறந்திருக்கேன். ஏழு வருஷம் அது என் அலமாரியில் இருந்திருக்கு. பாஸ்போர்ட், கல்யாணச் சான்றிதழ், பேங்க் பாஸ்புக் எல்லாம் ஸ்கேன் பண்ணினது. கூடவே வேர்டு ஃபைல் ஒண்ணு, வீட்டுக்காரருக்கு எழுதின கடிதம். திறந்தேன். முதல் இரண்டு வரியிலேயே அது யாருக்கும் காட்டக்கூடாத கடிதம்னு தெரிஞ்சு போச்சு. மீதியைப் படிக்காமல் மூடிட்டேன்னு எழுதினால் நீங்க நம்பிடுவீங்க. ஆனா நான் முழுசாப் படிச்சேன்.

இப்பவும் வழியில் பார்த்தால் அந்த அக்கா "நல்லாயிருக்கியா தம்பி" என்று சிரிப்பாங்க. அவங்க தன் அம்மாகிட்ட கூடச் சொல்லாததை நான் தெரிஞ்சு வெச்சிருக்கேன்னு அவங்களுக்குத் தெரியாது. அவங்க கம்ப்யூட்டர் அன்னைக்கு நல்லாத்தான் ஓடிச்சு. எந்த அறிகுறியும் இல்லை. டிஸ்க்கை முழுசா மேலெழுதி அழிச்சுட்டேன். என் தலையிலிருந்து அழிக்கத்தான் வழியில்லை.

இது தப்புன்னு சட்டம் எப்போ சொன்னது?

அந்தரங்கம் என்பது வெள்ளைக்காரன் சமாசாரம், நம்ம ஊர் திண்ணைப் பேச்சில் அதுக்கு இடமேதுன்னு சிலர் சொல்வாங்க. ஆனா இந்தியச் சட்டத்தில் இந்த உரிமையின் கதையில் முக்கியமான ஒரு அத்தியாயம் தமிழ்நாட்டில் எழுதினது. 1994-ல் ஆட்டோ சங்கர் சிறையிலிருந்து எழுதிய சுயசரிதையை நக்கீரன் வெளியிட இருந்தது. அதிகாரிகள் பெயர்கள் அதில் வரும். வெளியிடக் கூடாதுன்னு சிறைத்துறை கடிதம் அனுப்ப, ஆசிரியர் ராஜகோபால் உச்ச நீதிமன்றம் போனார். அக்டோபர் 1994-ல் தீர்ப்பு. பத்திரிகையை முன்கூட்டியே தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லைன்னு சொன்ன அதே தீர்ப்பு, தன்னைத் தனியே விடச் சொல்லும் உரிமை அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவுக்குள்ளேயே இருக்கு, ஒருவரின் குடும்பம், கல்யாணம், பிள்ளைப்பேறு, படிப்பு பற்றியெல்லாம் அவர் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது, பொது ஆவணங்களில் இருப்பதுக்கு விலக்கு உண்டு என்றும் சொன்னது.

அப்படியிருந்தும் பின்னால் ஆதார் வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமையே கிடையாதுன்னு அரசு வாதாடியது. 1954-லும் 1962-லும் பெரிய அமர்வுகள் தந்த தீர்ப்புகளைக் காட்டியது. 2012-ல் வழக்குப் போட்டவர் கே.எஸ். புட்டசாமி, கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி. அப்போதே அவருக்கு வயசு எண்பதைத் தாண்டியாச்சு. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமைதான்னு சொன்னாங்க. 2018 செப்டம்பர் 26 தீர்ப்பில், அரசு உதவிகளுக்கும் பான் அட்டைக்கும் ஆதார் கேட்கலாம், செல்போன் எண்ணையும் பேங்க் கணக்கையும் கட்டாயமா இணைக்கச் சொல்வது செல்லாதுன்னு ஆச்சு. ஆனா அதுக்குள்ள 'இணைக்காட்டி சிம் கட்' என்ற மிரட்டலுக்குப் பயந்து கோடிக்கணக்கான பேர் வரிசையில் நின்னு இணைச்சாச்சு. தீர்ப்பு வந்ததும் யாரும் வீட்டுக்கு வந்து திருப்பிக் கொடுத்துட்டுப் போகலை.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. அதுக்கான விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன, முக்கியமான கடமைகளுக்கு அதிலிருந்து இன்னும் 18 மாத அவகாசம். 1994-ல் ஆரம்பிச்ச பேச்சு. கணக்கு நீங்களே போட்டுக்குங்க.

2021 மார்ச், புதுச்சேரி

இனி நம்ம ஊர்க் கதை. 2021 சட்டமன்றத் தேர்தல் நேரம். சுமார் பத்து லட்சம் வாக்காளர்கள்தான் மொத்த யூனியன் பிரதேசத்துக்கும். வாட்ஸ்அப் குழுவில் சேரச் சொல்லி இணைப்போடு நிறைய பேருக்கு எஸ்.எம்.எஸ். வந்தது. ஆதாரோடு இணைந்த எண்களை பாஜகவின் புதுச்சேரி பிரிவு எப்படியோ பெற்று அனுப்புகிறதுன்னு இந்திய ஜனநாயக வாலிபர் சங்கத்தின் புதுச்சேரித் தலைவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். ஆதாரோடு இணைத்த எண்ணுக்கு மட்டும்தான் செய்தி வந்தது என்பது அவர் வாதம். கட்சி மறுத்தது. தொண்டர்கள் வீடு வீடாகப் போய்த் திரட்டிய எண்கள் அவைன்னு சொன்னது. தலைமை நீதிபதி சஞ்ஜிப் பானர்ஜி, நீதிபதி செந்தில்குமார் ராமமூர்த்தி அமர்வு இதை லேசாக எடுத்துக்கலை. தகவல் எப்படி வெளியே போச்சு என்பதற்கு ஆதார் ஆணையம் பதில் சொல்லணும்னு கேட்டது. ஏப்ரல் 6-ல் தேர்தல் நடந்து முடிஞ்சது.

அரசியலை விடுங்க, நான் அதைப் பேச வரலை. ரிப்பேர்காரனாகப் பார்த்தால் எனக்கு உறைத்தது இதுதான். எண்கள் ஆதார் கிடங்கிலிருந்து போயிருந்தாலும், வீடு வீடாக எழுதி வாங்கியிருந்தாலும், கையில் வந்து சேரும் எஸ்.எம்.எஸ். ஒரே மாதிரிதான் இருக்கும். 'நான் இந்த வழியா வந்தேன்' என்று எந்த எண்ணிலும் முத்திரை கிடையாது. பெரியப்பாவின் எண் அவர் போனில் மட்டுமா இருக்கு? அவரைத் தெரிஞ்ச இருநூறு பேர் போனில் இருக்கு. அதில் ஒருத்தர் ஏதோ ஒரு செயலிக்கு 'தொடர்புகளைப் படிக்கலாம்' என்று ஓகே கொடுத்தால் போதும். 2015-ல் ஆண்ட்ராய்டு 6.0 வரும்வரை, அதைத் தனியாக மறுக்கிற வசதிகூடப் போனிலேயே கிடையாது, எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே 'சரி'தான்.

ஜெராக்ஸ் கடை

பெரியப்பா கேள்வி கேட்டதுக்கு இரண்டு வாரம் கழிச்சு இன்னொரு வேலை வந்தது. தெரிஞ்சவர் ஒருத்தர் ஜெராக்ஸ், பிரிண்ட், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் செய்து தரும் கடை வெச்சிருக்கார். சிஸ்டம் ரொம்ப மெதுவா இருக்குன்னார். திறந்து பார்த்தால் சி டிரைவ் முழுக்க சிவப்பு. எது அடைச்சுக்கிட்டு இருக்குன்னு தேடினால், டவுன்லோட்ஸ் ஃபோல்டர். ஆயிரக்கணக்கில் பி.டி.எஃப். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் முதல் பக்கம், சாதிச் சான்றிதழ், மருத்துவ ரிப்போர்ட். ஊரே அதுக்குள்ள இருந்தது. வாட்ஸ்அப்பில் அனுப்பி 'அண்ணே ஒரு பிரிண்ட்' என்று கேட்டவங்க எல்லாரும்.

ஆதார் பி.டி.எஃப்.-க்கு பாஸ்வேர்டு இருக்கேன்னு நினைப்பீங்க. பெயரின் முதல் நாலு எழுத்து, கூடவே பிறந்த வருஷம். இது எல்லாருக்குமே தெரியும், ஊருக்கே ஒரே சாவி மாதிரி. அதுவும் போக, பாதிப் பேர் ஃபைலின் பேரிலேயே தங்கள் பேரை எழுதி அனுப்பியிருந்தாங்க. 2022 மே மாசம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஆதார் நகலை எல்லாருக்கும் கொடுக்காதீங்க, கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மறைத்த நகலைக் கொடுங்கன்னு எச்சரிச்சது. ஜனங்க தப்பாப் புரிஞ்சுப்பாங்கன்னு இரண்டே நாளில் அந்த எச்சரிக்கையைத் திரும்பப் பெற்றாங்க. நகல்கள் மட்டும் திரும்பலை.

கடைக்காரர் முன்னாடியே, அவரைக் கேட்டுட்டு, தேடும் கட்டத்தில் பெரியப்பா பேரை அடிச்சேன். இருந்தது. மூணு வருஷத்துக்கு முன்னாடி ஏதோ விண்ணப்பத்துக்காக அனுப்பியிருக்கார். அவர் பேரு, அப்பா பேரு, பிறந்த வருஷம்.

அங்கேருந்துதான் போச்சான்னா, தெரியாது. அந்த ஆள் நல்லவர், யாருக்கும் வித்திருக்க மாட்டார். ஓட்டை இருக்கு என்பதால் தண்ணி அந்த வழியாத்தான் போச்சுன்னு சொல்லிட முடியாது. இந்த மாதிரி எத்தனை கடை, எத்தனை ஆபீஸ், எத்தனை பரிசுக் கூப்பன் பெட்டி! என் அலமாரியில் ஏழு வருஷம் இருந்த டிஸ்க்கையும் சேர்த்துக்குங்க. வித்தவன்னு ஒருத்தனைக் கை காட்ட முடியாதபடி, எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் வெச்சிருக்கோம். வேண்டாததை அழிக்கிற பழக்கம் மட்டும் யாருக்கும் இல்லை.

ஃபோல்டரை இருவரும் சேர்ந்து காலி பண்ணினோம். சிஸ்டம் வேகமாச்சு. "தினமும் கடையைச் சாத்தும்போது அழிச்சுடுங்க" என்றேன். சரின்னார்.

அன்னைக்கு சாயந்திரம் பெரியப்பா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். பொறுமையாக் கேட்டார்.

"அப்ப ஃபார்மட் போட முடியாதா?"

"போனுக்குப் போடலாம் பெரியப்பா. ஊருக்குப் போட முடியாது."

"பேரை மாத்திக்கலாமா?" என்று சிரிச்சார். அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டு, "பொறந்த வருஷத்தை என்னா பண்றது?" என்றார். அதுக்கும் என்கிட்ட பதில் இல்லை. இந்தக் கோளாறுக்கு அறிகுறியும் கிடையாது, பின்னால் கொடுக்கிற மருந்தும் கிடையாது. வருமுன் காப்பது ஒண்ணுதான்.

நான் இப்போ செய்யறதைச் சொல்லிடறேன். யார் மெஷினைப் பார்த்தாலும் அவங்களைப் பக்கத்தில் உட்கார வெச்சுக்கறேன், பாஸ்வேர்டை அவங்களே அடிக்கட்டும். பேக்கப் அவங்க டிஸ்க்கில்தான், என் வீட்டுக்கு எதுவும் வராது. போனைக் கடையில் விடறதா இருந்தா, சாம்சங், பிக்சல் மாதிரி சிலதில் ரிப்பேர் நேரத்துக்குன்னே சொந்த விஷயங்களைப் பூட்டி வைக்கிற வசதி வந்திருக்கு, அதைப் போட்டுக் கொடுக்கறேன். பரிசுக் கூப்பன், கடை ரசீது மாதிரி சட்டபூர்வம் இல்லாத இடங்களில் இடத்துக்கு ஒரு இனிஷியல் எழுதறேன். நாளைக்கு எவனாவது அந்த இனிஷியலோடு கூப்பிட்டா, எங்கேருந்து போச்சுன்னாவது தெரியும். பெரியப்பாவுக்கும் இதைச் சொல்லிக் கொடுத்தேன், ரொம்ப ரசிச்சார். பணம் ஏமாந்து போனால் உடனே 1930-க்குப் பேசணும்னு அவர் வீட்டுக் காலண்டரில் பெரிசா எழுதியும் வெச்சாச்சு.

போன வாரம் அந்தக் கடைப்பக்கம் போனேன். டவுன்லோட்ஸில் மறுபடியும் நாற்பது, ஐம்பது ஃபைல் சேர்ந்திருந்தது. "ரெண்டு நாளா கூட்டம் தம்பி, மறந்துட்டேன்" என்றார். நின்னு அழிக்க வெச்சுட்டுத்தான் வந்தேன்.

அடுத்த தடவை நீங்க பிரிண்ட் எடுக்கப் போனால், காசு கொடுத்துட்டு அப்படியே திரும்பிடாதீங்க. "அண்ணே, என் ஃபைலை அழிச்சுடுங்க" என்று கேட்டு, அழிக்கிறதைப் பார்த்துட்டு வாங்க. முறைச்சாலும் பரவாயில்லை.